‘தொடக்கநிலையாளர் தவறு’ என்னும் பொய்

பெங்களூரிலோ புனேயிலோ ஓர் அடுக்ககத்தின் படிப்பறை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை அடி நீள மலைப்பாம்புக் குட்டி ஒன்று கிடக்கிறது. வாங்கி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தலையை மேல்நோக்கி உயர்த்தி, வாயை லேசாகத் திறந்தபடி இருக்கிறது. நாசித் துளையில் குமிழி. மூச்சோடு மெல்லிய சீழ்க்கை ஒலி. எலியை வைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாங்கிய இளைஞர் விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். “புது இடம் அல்லவா, பழகிவிடும்” என்று மறுமொழி வருகிறது. அடுத்த வாரம் அந்த எண் பயன்பாட்டில் இல்லை. ஆர்வலர் குழுக்களில் கேட்டால் ஒரே தீர்ப்பு: “இது தொடக்கநிலையாளர் தவறு.”

இந்தியாவில் அயல்நாட்டுப் பாம்பு வளர்ப்பைச் சுற்றிப் புழங்கும் சொற்களில் இதைவிட வசதியான பொய் வேறில்லை. நீண்ட வணிகச் சங்கிலியின் குற்றம் முழுவதையும் அது கடைசிக் கண்ணியில், ஆகக் குறைவாக அறிந்தவர் தலையில், ஏற்றிவைக்கிறது. புதிதாக வாங்கிய பாம்பின் நோய் பெரும்பாலும் வாங்கியவர் வீட்டில் பிறப்பதில்லை. அங்கே வெளிப்படுகிறது, அவ்வளவே. விற்றவர் இந்த வேறுபாட்டை மறைப்பதில் வியப்பில்லை. உயிரியல் படித்தவர்களும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதுதான் வெட்கக்கேடு.

முதலில் உடலியங்கியல். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. செரிமானம் மட்டுமன்று, நோயெதிர்ப்பும் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தே இயங்குகிறது. குளிர்ந்த பாம்பு, காவலர் உறங்கும் கோட்டை. அதற்கு உதரவிதானம் இல்லை. மனிதரைப் போல இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. அதன் சீழும் நீர்த்து வடிவதன்று. பாலாடைக் கட்டிபோல் இறுகித் தங்குவது. ஆகவே நுரையீரலில் நுழைந்த தொற்று சத்தமின்றி நெடுநாள் தங்குகிறது. இரைவிலங்காகவும் வாழ நேர்ந்த உயிரி என்பதால், பாம்பு தன் நலிவை இறுதிவரை மறைக்கிறது. சீழ்க்கை ஒலி வெளியே கேட்கும் நாள் நோயின் முதல் நாள் அன்று. பல வேளைகளில் அது நோய் முற்றிய நாள்.

இனி, அந்தக் குட்டி வந்த வழி. சந்தையில் ‘பால் பைத்தான்’ என்று விற்கப்படும் பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்கு உரியது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக அது பெருமளவில் ஏற்றுமதியாகிறது. காட்டில் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து பொரிக்கவைத்து, குட்டிகளை ‘பண்ணை வளர்ப்பு’ என்ற பெயரில் அனுப்பும் முறையும் அங்கே உண்டு. சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இவ்வினம் இந்தியாவுக்குள் முறைப்படி நுழைய இறக்குமதி உரிமமும் சைட்டிஸ் அனுமதியும் நலச் சான்றும் வேண்டும். நடைமுறையில் நுழையும் வழியைச் சுங்கத் துறையின் பறிமுதல்கள் சொல்கின்றன. 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் கிடைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் 6 கபுச்சின் குரங்குகளும் இருந்தன. குரங்குகள் ஆறும் இறந்திருந்தன. பாம்புகள் உயிரோடிருந்தன. உயிரோடிருந்தன என்பதற்கு நலமாயிருந்தன என்று பொருளில்லை.

துணிப்பையிலும் நெகிழிப் பெட்டியிலும் முடங்கி, நீரின்றி, குளிரிலும் வெப்பத்திலும் மாறிமாறிக் கிடந்து, வெவ்வேறு கண்டத்து இனங்களோடு நெருக்கி அடைக்கப்பட்டு வரும் குட்டி எவற்றையெல்லாம் சுமந்துவரும்? செதில்களுக்கு இடையிலும் கண்ணோரத்திலும் ஒளிந்து குருதி குடிக்கும் சிற்றுண்ணிகள், வாய் அழுகல், நீர்வற்றலால் துண்டு துண்டாக உரியும் சட்டை, கண்ணின் மேல் உரியாமல் தங்கிய பழந்தோல், குடற்புழுக்கள். இவை கண்ணுக்கும் எளிய ஆய்வுக்கும் அகப்படுபவை. அகப்படாதவையும் உண்டு. மலைப்பாம்புகளின் கொடிய சுவாச நோயோடு தொடர்புடைய நிடோ வைரஸ்கள் 2014இல் இனங்காணப்பட்டன. போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் ‘இன்க்ளூஷன் பாடி’ நோய்க்குச் சான்றான மருந்து இல்லை; அதன் வைரஸைத் தாங்கிய போவா நெடுங்காலம் அறிகுறியின்றியும் இருக்கும். ‘ஸ்பைடர்’ எனப்படும் நிறவகை மலைப்பாம்போ தலை நடுங்கிச் சமநிலை இழப்பதைத் தன் மரபணுவிலேயே கொண்டு பிறக்கிறது. அழகிய கோலத்துக்காக விலை கொடுப்பவர் உள்செவிக் குறைபாட்டையும் சேர்த்தே வாங்குகிறார். இவற்றில் எது தொடக்கநிலையாளர் தவறு?

வாங்கியவர்கள் தவறே செய்வதில்லை என்பதன்று வாதம். செய்கிறார்கள். பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுமுனை ஏறத்தாழ 26 பாகை என்ற வெப்பச் சரிவை அமைக்காமல் விடுகிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பத் தட்டில் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடுகிறார்கள். வந்த அன்றே கையில் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். மறுநாளே இரை திணிக்கிறார்கள். நலமான பாம்பைக்கூட இவை நோயில் தள்ளும் என்பது உண்மை. ஆனால் இவற்றைச் சொல்ல வேண்டிய கடமை யாருடையது? உயிரை விற்றுப் பணம் பெற்றவருக்குச் சொல்லும் கடமையில்லை, பணம் கொடுத்தவருக்குத் தானாகவே அறிந்திருக்கும் கடமை உண்டு என்ற நியாயம் வேறெந்தச் சந்தையிலும் செல்லாது. “பால் பைத்தான் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும்” என்று விற்பவர் சொல்லும் ஆறுதலைப் பாருங்கள். அது பொய்யன்று, அதனாலேயே ஆபத்தானது. நலமான பாம்பு உண்ணாதிருக்கும்போது எடை பெரிதும் குறைவதில்லை; நோயுற்றதன் எடை வாரந்தோறும் இறங்கும். சமையலறைத் தராசு ஒன்று போதும் வேறுபாட்டைக் காட்ட. பாதி உண்மையைச் சொல்லி, தராசைப் பற்றிய மறு பாதியை மறைப்பதே அந்த ஆறுதலின் தொழில்.

சட்டம் என்ன செய்கிறது? 2020 ஜூனில் ஒன்றிய அரசு ஒரு தன்னார்வ வெளிப்படுத்தல் திட்டத்தை அறிவித்தது. ஆறு மாதத்துக்குள் அறிவித்தால், அயல்நாட்டு உயிரி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேட்கப்படாது. வந்த வழி அதோடு அழிந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல், சைட்டிஸ் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 49-எம் பிரிவின்படி அவற்றை வைத்திருப்போர் அறிவித்துப் பதிய வேண்டும்; 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்தன. வேண்டிய முன்னேற்றந்தான். ஆயினும் அப்பிரிவின் அக்கறை உடைமை, கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவை பற்றியது. இடையில் வரும் நோய் பற்றியதன்று. கார்ன் ஸ்நேக் போன்று சைட்டிஸ் பட்டியலில் இல்லாத இனங்கள் அந்தப் பதிவுக்குள்ளும் வருவதில்லை. செல்லப் பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளோ நாய், பூனை, முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர், எலி வகை, கூண்டுப் பறவை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. பாம்பின் பெயர் அதில் இல்லை. நாய்க்குட்டி விற்பவருக்கு விதி உண்டு. மலைப்பாம்புக் குட்டி விற்பவருக்கு வாட்ஸ்அப் எண் மட்டும் உண்டு.

இதன் விளைவை நோயுற்ற பாம்பே சுமக்கிறது. தாளில்லாத பாம்பை மருத்துவரிடம் கொண்டுசெல்ல அதை வைத்திருப்பவர் அஞ்சுகிறார். துணிந்து சென்றாலும், மாடும் ஆடும் கோழியும் நாயுமே மையமான கல்வியில் பயின்ற மருத்துவருக்கு ஊர்வன பற்றிய பட்டறிவு குறைவு. பாம்புக்குத் தரும் எதிருயிரியின் அளவும் இடைவெளியும்கூட அதன் உடல் வெப்பத்தைப் பொறுத்தவை. பாலூட்டிக் கணக்கு அங்கே உதவாது. ஆகவே அவர் அறிமுகமற்றவர்களிடம் மருந்தளவு கேட்டு, ஊகத்தில் ஊசி போடுகிறார். பாம்பு இறக்கிறது, இரவில் எங்கோ புதைக்கப்படுகிறது. உடற்கூறாய்வு இல்லை, பதிவு இல்லை, அறிவு இல்லை. விற்றவர் அடுத்த குட்டியை விற்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு உண்டு. ‘இன்க்ளூஷன் பாடி’ நோய் 1970களிலிருந்து அறியப்பட்டிருந்தும், அதன் காரணம் பல பத்தாண்டுகள் புலப்படவில்லை. கலிபோர்னியாவில் தன் போவாவுக்கு அந்நோய் இருக்குமோ என்று அஞ்சிய ஒரு பெண், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக வைரஸ் ஆய்வாளர் ஜோசப் டெரிசிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் தூண்டிய ஆய்வே 2012இல் பாம்புகளில் அரீனா வைரஸ்களைக் கண்டறிந்தது. பாலூட்டிகளுக்கே உரியவை என்று அதுவரை கருதப்பட்ட குடும்பம் அது. ஒரு செல்லப் பாம்பு பற்றிய கவலை அறிவியலானது எப்படி? அந்தப் பெண் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் அதே கடிதம் ஒரு குற்ற ஒப்புதலாகிவிடும்.

இங்கே வர்க்கத்தின் கேள்வி எழாமல் இராது. நாகபஞ்சமிக்காக நல்லபாம்பைப் பிடித்து, நச்சுப்பல் பிடுங்கி, வாய் தைத்து, நாள்கணக்கில் நீரின்றி வாட்டி, தாகத்தில் பாலைக் குடிக்கவைத்த பாம்பாட்டியைப் படித்த இந்தியா கொடியவன் என்றது. சரியாகவே சொன்னது. சட்டமும் நீதிமன்றமும் தலையிட்டன. மகாராஷ்டிரத்தின் பத்தீஸ் சிராளாவில் உயிருள்ள நாகத்தை வைத்து நடந்த விழாவுக்குத் தடை வந்தது. பாம்பாட்டிச் சமூகங்கள் மாற்றுப் பிழைப்பின்றியே கூடையை இழந்தன. அதே படித்த இந்தியாவின் படிப்பறையில் இன்று ஒரு பாம்பு நீர்வற்றி, வாய் அழுகி, மூச்சுக்குத் திணறுகிறது. கூடையில் இருந்தால் கொடுமை. கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் பொழுதுபோக்கு. மகுடி ஊதியவனுக்குச் சிறை. கடன் அட்டை வைத்திருப்பவருக்கு ‘தொடக்கநிலையாளர்’ என்ற செல்லப்பெயர்.

வளர்ப்பால் அன்பு பிறக்கும், பண்ணைப் பெருக்கம் காட்டைக் காக்கும் என்பது எதிர்வாதம். தலைமுறைகளாகப் பண்ணையிலேயே பிறந்த, ஆவணமும் நலப் பரிசோதனையும் உள்ள பாம்புக்கு இது ஓரளவு பொருந்தலாம். பயணப் பெட்டியில் வந்ததற்கு எள்ளளவும் பொருந்தாது. அன்பு கைமீறும்போது நேர்வது இன்னும் மோசம். நோயுற்ற பாம்பை ‘விடுதலை’ என்று ஏரிக்கரையில் விட்டுவிடுவோர் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகளோடு வந்த ஓர் ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி, அந்த மண்ணின் பாம்புகளுக்குள் பரவியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நோய்களோடு பழகாத சாரையும் நீர்க்கோலியும் வாழும் கரையில் இறக்கிவிடப்படும் ஒவ்வொரு அயல் பாம்பும் கேட்பாரற்ற ஒரு சோதனை.

செய்ய வேண்டியவை எளியவை. விற்பவர் பெயரும் உரிமமும் நலச் சான்றும் இன்றி எந்த ஊர்வனவும் கைமாறக் கூடாது. விற்றபின் குறிப்பிட்ட காலத்துக்குள் வெளிப்படும் நோய்க்கு விற்றவரே பொறுப்பேற்க வேண்டும். சிகிச்சைக்குக் கொண்டுவருபவரை மருத்துவமனை வாயிலிலேயே குற்றவாளியாக்காத ஒரு பாதுகாப்பு வேண்டும். விசாரணை கடத்தல் சங்கிலியின் மேல்நோக்கிச் செல்லட்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இறந்த செல்ல ஊர்வனவற்றைக் கேள்வியின்றிப் பெற்று உடற்கூறாய்வு செய்து, முடிவுகளை வெளியிட வேண்டும். அதுவரை, ஏற்கெனவே ஒரு பாம்பை வைத்திருப்பவரின் கடமை தெளிவானது: குறைந்தது மூன்று மாதம் பிற ஊர்வனவற்றிடமிருந்து தனியே வைத்தல், உண்ணி தெரியும்படி வெள்ளைத் தாள் விரித்தல், வெப்பத்தையும் எடையையும் எழுதிவைத்தல், எச்சத்தை ஆய்வுக்குக் கொடுத்தல், சீழ்க்கை கேட்ட அன்றே ஊகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லல். இன்னும் வாங்காதவரின் கடமை அதைவிட எளிது: வந்த வழி தெரியாத உயிரை வாங்காதிருத்தல்.

ஆய்வுலகத்தின் கடமை ஒன்று எஞ்சுகிறது. அடுத்த முறை யாரேனும் ஒருவர், வாங்கிவந்த பாம்பு வாய் திறந்து மூச்சுவிடுகிறது என்று கலங்கிக் கேட்கும்போது, ‘என்ன தவறு செய்தீர்கள்’ என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதற்கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘யார் விற்றார்?’