சின்னப் படகு போதும்!

பெரிய கப்பலில் போகிறவன் வெறும் பயணி. சின்னப் படகில் போகிறவன் மாலுமி!

நாலு பேர் உட்காரக்கூடிய படகு. அதன் பின்பலகையில் மாட்டிய சிறு மோட்டார். ஒரு டப்பா பெட்ரோல். கொஞ்சம் சாப்பாடு. ஒரு குடும்பம் ஒரு நாளை மகிழ்ச்சியாகக் கழிக்க இவ்வளவு போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. கோடை வந்தால் அங்கே இந்தக் காட்சியைக் காணலாம்.

ஆனால், "இன்னும் பெரிய மோட்டார் வேண்டும், இன்னும் வேகம் வேண்டும்" என்ற ஆசை பலரைப் பிடித்து ஆட்டுகிறது. அது வீண் ஆசை!

உருகிய ஐஸ்கிரீம்

இந்த மோட்டார் பரவிய கதை சுவையானது.

ஓலே எவின்ரூட் என்பவர் 1877-ல் நார்வே நாட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் விஸ்கான்சினில் குடியேறியவர். இயந்திர வேலையில் கெட்டிக்காரர்.

1906-ம் ஆண்டு கோடையில் ஒரு நாள், தம் காதலி பெஸ்சுடன் ஓர் ஏரிக்குப் போனார். பெஸ் ஐஸ்கிரீம் சாப்பிட ஆசைப்பட்டார். கடையோ அக்கரையில்!

எவின்ரூட் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். ஐஸ்கிரீம் வாங்கினார். திரும்பினார். கடும் வெயில். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது! அந்த அலுப்பில்தான் படகு மோட்டார் யோசனை உதித்தது என்று சொல்வார்கள்.

1909-ல் மோட்டார் தயாராயிற்று. அதன் சக்தி 1½ குதிரைத் திறன். எடை 62 பவுண்டு. அதாவது, சுமார் 28 கிலோ.

அதற்குள் பெஸ் அவருடைய மனைவியாகிவிட்டார். முதலில் அந்த மோட்டாரைப் பார்த்து, காப்பிக் கொட்டை அரைக்கும் இயந்திரம் போல இருக்கிறது என்று கேலி செய்தாராம். பிறகு விளம்பரம் எழுதி, வியாபாரத்தைப் பெருக்கியவரும் அவரே!

அவர்களுக்கு முன்பும் சிலர் இத்தகைய மோட்டார் செய்தது உண்டு. ஆனால், அதைச் சாமானிய மக்களிடம் கொண்டு சேர்த்ததில் இந்தத் தம்பதிக்குப் பெரும் பங்கு உண்டு. எவின்ரூட் பெயர் தாங்கிய மோட்டார்கள் 2020 வரை தயாராயின.

வேகம் எதற்கு?

படகு, தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகிறது. அப்போது முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளுகிறது. ஓர் அளவுக்கு மேல், படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியிருக்கிறது!

14 அடி நீளப் படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அதுவரை போக 3 அல்லது 4 குதிரைத் திறன் தாராளம். அதைத் தாண்டி நீரின் மேல் சறுக்கி ஓட வேண்டுமானால், பல மடங்கு சக்தி வேண்டும். பெட்ரோல் செலவும் ஏறும்.

மெல்லப் போகிறவர்களுக்குக் கரையில் நிற்கும் நாரை தெரியும். துள்ளும் மீன் தெரியும். குழந்தை கேட்கும் கேள்வி காதில் விழும். பறந்து போகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? முகத்தில் காற்று, காதில் இரைச்சல்!

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களும் வள்ளங்களில் இவ்வகை மோட்டார் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. கடல் அலையைத் தாண்ட அதிகச் சக்தி தேவை. ஏரியில் பொழுது போக்கப் போகிறவனுக்கு அது எதற்கு?

கைக்கு அடங்கும் கருவி

சின்ன மோட்டாரை யாரும் பழகிக்கொள்ளலாம். இரண்டு திருகுகளை முறுக்கினால் படகோடு பிடித்துக்கொள்ளும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் ஓடும்.

கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால், படகு வலப்பக்கம் திரும்பும்! முதல் நாள் எல்லோரும் தடுமாறுவார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் பழகிவிடும்.

சில மோட்டார்களில் ஒரு சிறு ஆணி உண்டு. நீரைத் தள்ளும் விசிறி பாறையில் மோதினால், அந்த ஆணி முறியும். உள்ளே இருக்கும் பல்சக்கரம் தப்பும். வேறு ஆணி போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம்.

உயிர் முக்கியம்

அமெரிக்காவில் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில், 10 பேருக்கு 8 பேருக்கு மேல் மிதவைச் சட்டை அணியாதவர்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அதை அணிய வேண்டும். படகு சின்னது என்று அலட்சியம் கூடாது.

மோட்டாரை நிறுத்தும் கயிறு ஒன்றும் உண்டு. ஓட்டுகிறவர் அதைத் தம் உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால், கயிறு பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால், ஆள் இல்லாத படகு சுற்றி வந்து அவரையே வெட்டும்!

இன்னொன்று. துடுப்பைத் தூக்கி எறியச் சொன்னது பெஸ்சின் விளம்பரம். விளம்பரத்துக்கு அது சரி. ஏரிக்குப் போகிறவர்கள் எறியக் கூடாது! மோட்டார் நின்றால், கரை சேர்ப்பது துடுப்புதான்.

மிதவைச் சட்டை, கயிறு, துடுப்பு. இந்த மூன்றும் இருந்தால், சின்ன மோட்டாரே போதும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு புறப்படலாம். அவசரம் என்ன?