“இவர் மரக்கறி வாயிலும் வைக்க மாட்டார்”

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்திலிருந்த தாயோடு ஒட்டிக்கொண்டு நான்கைந்து வயதுப் பிள்ளையொன்று. அதன் சின்ன விரல் பொரித்த கத்தரிக்காய்க் கறியின் பக்கம் மெல்லப் போனது. தாய் சட்டென்று கையைப் பிடித்தார். “அது வேணாம் மகன், ஒங்களுக்குப் பிடிக்காது.” பிறகு எங்களிடம், “இவர் மரக்கறி வாயிலும் வைக்க மாட்டார்” என்றார், கொஞ்சம் பெருமையோடுதான். விரல் இறைச்சிப் பக்கம் திரும்பிவிட்டது.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மூத்த மகனுக்கு நான் செய்ததும் இதுவேதான். சோறு, அவித்த முட்டை, உருளைக்கிழங்குப் பால் கறி; வேறொன்றும் தொடமாட்டார் என்று வருவோரிடமெல்லாம் அவர் முன்னாலேயே சொன்னேன். மாமி வீட்டுக்குப் போனாலும் பையில் முட்டை போகும். பதினொரு வயதில் ஓதுவதற்காக விடுதியில் சேர்த்தோம். முதல் விடுமுறைக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பருப்பும் கீரைச் சுண்டலும் வைத்த நாட்களில் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பியிருக்கிறார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வயது முதல் ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டு பிள்ளைகள் பின்வாங்குவது இயல்பு, சகோதரிகளே. அது பிடிவாதமல்ல, ஒருவகைப் பயம். ஒரே உணவைச் சிறிது சிறிதாகப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை கூட, கொடுத்துப் பார்த்த பிறகே அது பழகுகிறது என்று இதனை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நாமோ இரண்டாம் தடவையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். “கீரையைத் தின்றால் டொபி தருவேன்” என்ற பேரம் இன்னும் மோசம். கீரை தண்டனை, டொபி பரிசு என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

சிறுவயதிலிருந்தே நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர் அனஸ் (ரழி). ஒரு தையற்காரர் அளித்த விருந்துக்கு நபியவர்களுடன் அவரும் போனார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைக்கப்பட்டன. நபியவர்கள் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்பதைக் கண்ட அன்றிலிருந்து தனக்கும் அது விருப்பமாகிவிட்டதென்று அவர் அறிவித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தான் நேசித்தவர் விரும்பி உண்பதைக் கண்டார், அவ்வளவுதான். நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதும் ஹதீஸில் வருவதே. நம் வீடுகளில் வாப்பாமார் முகம் சுளித்துக் கோப்பையைத் தள்ளினால், அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். (உம்மாமாரும் பாவக்காயைச் சமைத்துவிட்டுத் தாம் தொடாமலிருப்பதுண்டு.)

சின்ன மகளோடு வேறு வழியில் போகிறேன். வல்லாரைச் சம்பலுக்கு இலை ஆய்வதும் தேசிக்காய் பிழிவதும் அவளது வேலை. பிழிந்த கையை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கென்று தனிச்சட்டி கிடையாது. எங்களுக்கு ஆக்கியதில் ஒரு துண்டு அவள் கோப்பையிலும் இருக்கும். பிடிக்காவிட்டால் ஓரத்தில் வைக்கலாம், “சீ” என்று மட்டும் சொல்லக்கூடாது. பாவக்காயை ஏழெட்டுத் தடவை ஓரத்தில்தான் வைத்தாள். போன வெள்ளிக்கிழமை ஒரு துண்டைக் கடித்து, “கசக்குது உம்மா” என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு துண்டையும் எடுத்தாள். மூன்றாவதைத் தன் வாப்பாவின் கோப்பையில் போட்டுவிட்டு, அவர் தின்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.