"விசான்னா அவருதான்"



போன வருசம் ஒரு பின்னேரம், பெண்கள் ஆதரவு அமைப்பு ஒன்றுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வழமையான கேள்விகள்தான். பெயர், வயது, பிள்ளைகள் இருக்கா, இண்டைக்கு இரவு எங்க நிற்பீங்கள். பிறகு: "உங்கட விசா என்ன அக்கா?"

அவ யோசிக்கவே இல்லை. "விசான்னா அவருதாம்மா."

அவ தமிழ்நாடு. நான் லண்டனில் பிறந்து, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் சனிக்கிழமைப் பள்ளியில் புத்தகத் தமிழுமாகப் பொறுக்கிச் சேர்த்தவள். இரண்டு பேரும் நடுவில் எங்கேயோ சந்தித்துத்தான் கதைத்தோம். பக்கத்தில் இருந்த பணியாளருக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னது, "கணவர் ஸ்கில்ட் வேர்க்கர் விசா, இவ டிப்பெண்டன்ட்." பிழையில்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் சட்டத்தை என்னைவிடச் சரியாகச் சொன்னது அவதான். இந்த நாட்டில் அவவுக்கு என்று தனியாக ஒரு இருப்பு இல்லை. அவர் இருக்கும் வரைக்கும் அவ இருக்கலாம். "நாங்க பிரிஞ்சிட்டம்" என்று அவர் ஹோம் ஒபிஸுக்கு ஒரு ஈமெயில் போட்டால், பொதுவாக 60 நாள் தருவார்கள், அவ்வளவுதான். அவர் அதைச் சொல்லிச் சொல்லியே அடித்திருக்கிறார்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம், எங்களுடைய வட்டத்திலேயே நிறையப் பேர் "வெளியில வாங்க, இங்க சட்டம் இருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். சட்டம் இருக்கு, உண்மை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரையோ, நிரந்தர வதிவிடம் உள்ளவரையோ, அகதி அந்தஸ்து கிடைத்தவரையோ கட்டி, அந்தத் துணை விசாவில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. உறவு வன்முறையால் முறிந்தால், கையில் காசில்லாதவர் முதலில் ஒரு சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று மாத விசா, அதோடு அரச உதவிப் பணம் எடுக்கும் உரிமை. அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்குப் போடலாம். ஐந்து வருசம் முடிந்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலப் பரீட்சை இல்லை, 'லைஃப் இன் த யூகே' பரீட்சையும் இல்லை. கட்டணம் இப்போது 3,000 பவுணைத் தாண்டிவிட்டது, ஆனால் வசதியில்லாதவருக்கு அது விலக்கு. இந்த விண்ணப்பத்துக்கு லீகல் எயிட்டும் உண்டு. 2024இல் இருந்து, ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய் பாஸ்போர்ட்டைப் பறித்து அங்கேயே விட்டுவிட்டு வரப்பட்ட பெண்ணும் வெளிநாட்டில் இருந்தே விண்ணப்பிக்கலாம். 2022இல் உயர்நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகுதான் அதுவும் வந்தது.

இதெல்லாம் யாரும் இரங்கித் தந்ததில்லை. 90களில் 'ஒரு வருச விதி' என்று ஒன்று இருந்தது. கலியாணம் முடித்து வந்த பெண் ஒரு வருசம் அந்த ஆளோடு இருந்தே ஆக வேண்டும். அதற்கு முதல் ஓடினால் நாடு கடத்தல். சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் பெண்கள் அதற்கு எதிராக வருசக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். 1999இல் முதல் சலுகை வந்தது, 2002இல் அது குடிவரவு விதிகளுக்குள் போனது. அப்படிப் போன கையோடு 2003இல் காத்திருப்புக் காலத்தை இரண்டு வருசமாக்கினார்கள், 2012இல் ஐந்தாக்கினார்கள். அதே 2012இல்தான், இன்னொரு நீண்ட போராட்டத்தின் பலனாக, அந்த மூன்று மாதச் சலுகையும் வந்தது. ஒரு கையால் கொடுத்து மற்றக் கையால் எடுக்கிற இந்தக் கணக்கை ஹோம் ஒபிஸ் விட்டதே இல்லை.

இப்ப அந்த அக்காவிடம் வருவம். அவவின் கணவர் குடியுரிமை உள்ளவர் இல்லை. வேலை விசாவில் வந்தவர். 2024 பெப்ரவரி வரைக்கும் அவவைப் போன்ற பெண்களுக்கு இந்த விதிகளில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு, வேலை விசாக்காரரின் துணைக்கும் மாணவரின் துணைக்கும் அந்த மூன்று மாதச் சலுகையை விரித்தார்கள். பெயரையும் மாற்றி, 'குடும்ப வன்முறைக்கு ஆளான புலம்பெயர்ந்தோருக்கான சலுகை' என்று வைத்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நாலாவது மாதம் என்ன? ஒன்றுமில்லை. நிரந்தர வதிவிடத்துக்கான அந்தக் கதவு இவர்களுக்குப் பூட்டித்தான் கிடக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், சலுகையை எடுத்த உடனே பழைய விசா ரத்தாகிவிடும். திரும்பிப் போய் ஏறிக்கொள்ள வண்டி இல்லை. மூன்று மாதத்துக்குள் அவ வேறு ஏதாவது ஒரு விசா கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்கிட வேண்டும்.

வேறு விசா என்றால்? தானே ஸ்கில்ட் வேர்க்கராகலாம். 2025 யூலையில் இருந்து அதற்கான பொதுச் சம்பள எல்லை வருசத்துக்கு 41,700 பவுண். நாலு வருசமாக வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒருவர், ரெஃபியூஜில் ஒரு அறையில் பிள்ளையோடு இருந்துகொண்டு, 12 கிழமையில் அந்தச் சம்பளத்துக்கு ஸ்பொன்சர் பண்ணும் முதலாளியைப் பிடிக்க வேண்டும். படிக்கப் போகலாம், சர்வதேச மாணவர் கட்டணம் கட்டி. (என்னோடு படிக்கும் சிலர் அந்தக் கட்டணத்துக்கு ஊரில் காணி விற்றவர்கள்.) பிள்ளை இங்கே வேர் விட்டிருந்தால் குடும்ப வாழ்வு உரிமையை வைத்து வாதாடலாம். திரும்பிப் போனால் உயிராபத்து, அங்கே அரசும் காப்பாற்றாது என்று காட்ட முடிந்தால் தஞ்சம் கேட்கலாம். பாகிஸ்தானியப் பெண்கள் இருவரின் வழக்கில் 1999இல் பிரபுக்கள் சபை அதற்கான வழியைத் திறந்தது, பெண்களும் அகதிச் சட்டத்தின் 'குறிப்பிட்ட சமூகக் குழு'வாகலாம் என்று. இவையெல்லாம் உண்மையான வழிகள். நல்ல லோயர் கிடைத்தால் சிலருக்குச் சரிவரும். ஆனால் ஒவ்வொன்றும் மாதங்கள், வருசங்கள் எடுக்கும் விசயம். மூன்று மாதத்துக்குள் அடங்காது.

சலுகையே எடுக்காமல் வந்தால் இன்னொரு சுவர். அவவின் விசாவில் 'அரச உதவிப் பணம் இல்லை' என்று எழுதியிருக்கிறது.  ரெஃபியூஜ் வீடுகள் பெரும்பாலும் அங்கே தங்கும் பெண்ணின் ஹவுசிங் பெனிஃபிட்டில்தான் ஓடுகின்றன. பெனிஃபிட் இல்லாத பெண்ணை எடுத்தால் அந்த அறையின் வாடகையை யார் கட்டுவது? அதனால் கட்டில் காலியாக இருந்தாலும் "மன்னிக்கவும்" என்பார்கள். பிள்ளை இருந்தால் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கவுன்சிலிடம் கேட்கலாம். கேட்டால் உடனே கிடைக்கும் என்று நினைக்காதேயுங்கோ. "பிள்ளையை நாங்கள் பார்ப்பம், உங்களுக்கு இடமில்லை" என்று பயமுறுத்திய கதையை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த வசனத்தைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன், அதுதான் வேலை.

இப்ப ஒரு புதுத் தலையிடி ஈ-விசா. முந்தி விசா அட்டையைக் கணவர் ஒளித்து வைப்பார். இப்போது ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, எல்லாம் கணினிக் கணக்கில். அந்தக் கணக்கை யார் திறந்தது, யாருடைய ஈமெயில், யாருடைய போன் நம்பர்? அந்த அக்காவுக்கு இது மூன்றுக்கும் ஒரே பதில்தான். தன்னுடைய விசா எப்போது முடிகிறது என்று பார்க்கக்கூட அவவால் முடியவில்லை.

இனி எங்களுக்குள் கதைக்க வேண்டியது.

நாங்கள் பொலிஸை நம்பாத இடதுசாரிகள். நான் அதில் மாறவில்லை. ஆனால் "பொலிஸுக்குப் போகாதே" என்பது எங்கள் வாயில் அரசியல் நிலைப்பாடு. அந்த அக்காவின் வீட்டில் அதைச் சொன்னது அவவின் கணவர். "போனா உன்னைத்தான் பிடிச்சு அனுப்புவான்." அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. வன்முறையை முறையிட வந்த பெண்களின் விசா விவரத்தைப் பொலிஸ் ஹோம் ஒபிஸுக்குக் கொடுப்பதை எதிர்த்து, லிபர்ட்டியும் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸும் 2018இல் முறைப்பாடு கொடுத்தன. 2020 டிசம்பரில் பொலிஸைக் கண்காணிக்கும் அமைப்புகளே அது பெண்களுக்குக் கெடுதல், விசா பற்றிய சந்தேகம் மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லின. அடுத்த வருசம் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபை அந்தத் தகவல் பரிமாற்றத்தைத் தடுக்கும் திருத்தத்தைச் சேர்த்தது. மக்கள் சபை அதை வெட்டி எறிந்தது. 2022இல் இஸ்தான்புல் உடன்படிக்கையை ஏற்றபோதும், கணவரின் விசாவில் தங்கியிருக்கும் பெண்களுக்கு வதிவிடம் கொடுக்கச் சொல்லும் 59ஆம் பிரிவை விலக்கி வைத்துத்தான் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

ஆனால் விண்ணப்பம் போடும்போது ஹோம் ஒபிஸ் ஆதாரம் கேட்கும். பொலிஸ் அறிக்கை கட்டாயம் இல்லை. ஜீபியின் கடிதம், ஆதரவு அமைப்பின் கடிதம், நீதிமன்றத் தடை உத்தரவு, இவையும் செல்லும். இருந்தாலும் பொலிஸ் இலக்கம் ஒன்று இருந்தால் வேலை லேசாகிறது என்று லோயர்மார் சொல்கிறார்கள். ஆகவே ஒரு பெண் பொலிஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை எங்கள் சுவரொட்டி தீர்மானிக்கக் கூடாது. அவவுக்கு முழு விவரமும் தெரிந்து, அவ தீர்மானிக்க வேண்டும். போகாமலேயே ஆதாரம் சேர்க்கலாம் என்பதும் அந்த விவரத்தில் ஒன்று. அடிபட்ட அடுத்த நாள் ஜீபியிடம் போய், "விழுந்திட்டன்" என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்லிப் பதிய வைத்தாலே அது பிறகு உதவும்.

இன்னொரு தோழர், நான் மதிக்கிறவர், என்னிடம் கேட்டார்: "இந்த நேரத்தில எங்கட ஆக்கள் மனுசிமாருக்கு அடிக்கிறது எண்டு எழுதினா அது யாருக்கு உதவும்?" 2025 கோடையில் தஞ்சம் கேட்டவர்கள் தங்கியிருந்த ஹோட்டல்களுக்கு முன்னால் "எங்கள் பெண்களைக் காப்பாற்றுவோம்" என்று பதாகை பிடித்து நின்றவர்களை மனதில் வைத்துத்தான் அவர் கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கோ. அந்தக் கூட்டம் கேட்பது இன்னும் இறுக்கமான விசா. விசா இறுக இறுக, அந்த அக்காவின் கணவருக்குக் கைப்பிடி கூடும். அவர்கள் 'எங்கள் பெண்கள்' என்று சொல்லும்போது அவ அதில் இல்லை. 'எங்கட ஆக்கள்' என்று நாங்கள் சொல்லும்போதும் அவ இல்லாவிட்டால் அவ எங்கேதான் போறது?

எங்கள் அம்மாமார் தலைமுறை இதை வேறு மாதிரிச் சொல்லும். "மனுசன் மனுசி பிரச்சினைக்குள்ள போகாத பிள்ளை." கோயிலில் சொல்வார்கள், தமிழ்ப் பள்ளி வாசலில் சொல்வார்கள். நாங்கள் அதைவிட நாகரிகமாக, 'இப்போது முன்னுரிமை வேறு' என்கிறோம்.

நேரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மே மாத வெள்ளை அறிக்கை, நிரந்தர வதிவிடத்துக்கான பொதுக் காலத்தை ஐந்தில் இருந்து பத்து வருசமாக்கப் போவதாகச் சொன்னது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இப்போதுள்ள வதிவிட உரிமை தொடரும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த உரிமையே இல்லாத வேலை விசாத் துணைகளுக்கு இதன் அர்த்தம், ஒரு ஆளோடு கட்டுண்டு கிடக்கும் காலம் இரட்டிப்பாகிறது என்பதுதான். காலத்தை நீட்டுவதை எதிர்த்து நாங்கள் போடும் ஒவ்வொரு கூட்டத்திலும் இது கதைக்கப்பட வேண்டும். தொழிலாளர் உரிமை என்று மட்டும் கதைத்தால், விசாவில் பெயர் உள்ள ஆம்பிளைக்காக மட்டுமே கதைத்ததாகிவிடும்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, எந்த விசாவானாலும் எல்லாப் பெண்களுக்கும் அதே வழி, நிரந்தர வதிவிடம் வரைக்கும். மூன்று மாதத்தை ஆறு மாதமாக்குங்கள் என்ற இடைக்காலக் கோரிக்கையோடு நாங்கள் திருப்திப்படக் கூடாது, ஆறாவது மாதமும் முடியும். இரண்டு, பொலிஸுக்கும் ஹோம் ஒபிஸுக்கும் இடையில் சட்டப்படியான சுவர்.

எங்கள் அமைப்பிடம் கேட்பது இன்னும் சின்னது. நாங்கள் விசா ஆலோசனை சொல்லக் கூடாது. பதிவில்லாமல் சொல்வது இந்த நாட்டில் குற்றம், அதைவிடப் பிழையாகச் சொன்னால் ஒரு ஆளின் வாழ்க்கை போகும். கடைக்கு மேல் ஒபிஸ் வைத்துக் காசு வாங்கி, எல்லாருக்கும் ஒரே கதையை எழுதிக் கொடுக்கிற ஆக்களை உங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் மொழிபெயர்க்கலாம். சந்திப்புக்குக் கூடப் போகலாம். புது ஈமெயில் திறந்து கொடுக்கலாம், ஆவணங்களின் பிரதியை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கலாம். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் தமிழ் தெரிந்த, அதுவும் இரண்டு கரைத் தமிழும் ஓரளவு விளங்கக்கூடிய ஆக்களின் பட்டியல் ஒன்று தேவை. கணவரின் கூட்டாளியின் மனைவி மொழிபெயர்க்க வருவதால் வாய் திறக்காத பெண்கள் இருக்கிறார்கள்.

அந்த அக்கா சலுகையை எடுத்தா. நான் கடைசியாகச் சந்தித்தபோது ஒன்பதாவது கிழமை. லோயர் தஞ்சமா குடும்ப வாழ்வா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ தன்னுடைய போனில், தன்னுடைய ஈமெயிலில், ஈ-விசாக் கணக்கைத் திறந்து எனக்குக் காட்டினா. முடியும் திகதி பெரிய எழுத்தில் இருந்தது. "இப்ப நானே பார்த்துக்கறேன்" எண்டு சொல்லிட்டு, போனைத் திருப்பி வைத்தா.

மொழிபெயர்க்க வரக்கூடியவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. உங்கள் பகுதியும், எந்த நாட்களில் வரலாம் என்பதும் போதும்.