முக்கு ஓட்டலில் உட்கார்ந்த குற்றம்

பட்டப்பகல் ஒரு மணிக்கு, மும்பை ஃபோர்ட்டில் ஒரு முக்கு ஓட்டலில், பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து கீமா பாவ் சாப்பிடுவது குற்றம். ஏனென்றால் அங்கே பீர் கிடைக்கும். அதே மும்பையில் சனிக்கிழமை ராத்திரி ஃப்ளாட் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ட்யூட்டி ஃப்ரீ பாட்டிலைத் திறந்தால் அது குற்றமில்லை. அதற்குப் பெயர் கெட்-டுகெதர். உள்ளே தங்கமணிகள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஹாலில் ரங்கமணிகள் நாட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளை பெட்ரூமில் டிவி முன்னால் உட்கார வைத்து, 'அப்பா எல்லாம் பெப்ஸி குடிக்கிறாங்க' என்று சொல்லியாகிவிடும். அந்தக் குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும் என்பது தனிக் கதை.

இந்தச் சட்டப் புத்தகம் எந்த அச்சகத்தில் அடித்தது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். போன மாதம் நாங்கள் மூன்று பேரும் ஃபோர்ட்டில் அப்படி ஓர் இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நம்மவர் ஒருவர் தெருவிலிருந்து பார்த்துவிட்டார். உள்ளே வந்து ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் வாட்ஸ்ஆப் குழுவில், பெயர் போடாமல், "பெரிய பேங்க்கில் ஆபீசர், பன்னிரண்டாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிக்கிட்டு பாரில் உக்காந்திருக்கார், கலிகாலம்" என்று ஓர் அறிவிப்பு. கீழே பதினாலு கைகூப்பும் பொம்மைகள். அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் வீட்டு கெட்-டுகெதருக்கு ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்ற கணக்கு என்னிடம் இருக்கிறது. பி.காம். படித்தவன், கணக்கு தப்பாது. (பெயரெல்லாம் வெளியே வராது, பயப்படாதீர்கள்.)

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்த ஓட்டல் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கேமராவோடு போய் நாற்காலியைப் படம் எடுப்பார்கள். கொலாபாவில் மோண்டேகரும் லியோபோல்டும் ஏற்கனவே டூரிஸ்ட் கைக்குப் போய்விட்டன. (1871ல் ஆரம்பித்த லியோபோல்ட், 2008 நவம்பர் 26 அன்று சுடப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பத் திறந்தது. அந்தத் தைரியத்துக்கு எப்போதும் ஒரு சல்யூட்.) நான் சொல்வது அந்த ரகம் இல்லை. வி.டி. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு தெரு சேரும் முக்கு, அதனால் இரண்டு பக்கமும் வாசல். மொத்தம் பத்துப் பன்னிரண்டு மேஜை. மார்பிள் பலகை, முதுகு வளைந்த பழைய மர நாற்காலி. சுவரில் ஜரதுஷ்டிரர் படம், பக்கத்தில் எப்போதோ நின்றுபோன கடிகாரம். கல்லாவில் எழுபது தாண்டிய முதலாளி. மேஜை காலி இல்லை என்றால் முன்பின் தெரியாதவர் எதிரே போய் உட்கார வேண்டியதுதான். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

யார் வருகிறார்கள்? ஹைகோர்ட் வக்கீல்களின் குமாஸ்தாக்கள், ஷேர் புரோக்கர் ஆபீஸ் ஆட்கள், போர்ட் ட்ரஸ்டில் ரிட்டயர் ஆகியும் ஃபோர்ட்டை விடமுடியாத பெரியவர்கள். தனியாக வந்து சல்லி போட்டி சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒரு பார்ஸி பாட்டி உண்டு. பாதி மேஜைகளில் சாயாவும் பன் மஸ்காவும்தான். மீதியில் ஒரு பாட்டில் பீரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். என் மகளுக்கு ராஸ்பெரி சோடா, எனக்கு ஒரு பீர், தங்கமணிக்கு என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும் உரிமை. மூன்றாவது பாட்டில் கேட்ட ஓர் ஆளிடம் சர்வர், "பஸ் கர் பாய், கர் ஜா" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஆள் முனகிக்கொண்டே எழுந்து போனார். நம் ஃப்ளாட் ஹால்களில் அப்படிச் சொல்ல ஒரு சர்வர் இருந்திருக்கிறாரா?

முக்கில் ஏன் இரானிகள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானிலிருந்து, முக்கியமாக யஸ்த் பக்கத்திலிருந்து, பிழைப்பு தேடி வந்தவர்கள் இவர்கள். முக்குக் கடை ராசியில்லை என்று இங்கத்திய வியாபாரிகள் ஒதுக்கினார்கள், இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று மும்பையில் எல்லோரும் சொல்வார்கள். நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள்தான். ஒரு வித்தியாசம், எல்லா ஜாதிக்காரனும் ஒரே மேஜையில் உட்கார ஓர் இடம் திறந்தார்கள். நாம் நம்ம ஜாதி, நம்ம ஜில்லா என்று சங்கத்துக்குள் சங்கம் திறந்தோம். சரி, அதை விடுங்கள், அடிதடி ஆகிவிடும்.

இந்த ஊரில் குடிக்கிற இடத்துக்கு 'பெர்மிட் ரூம்' என்று ஏன் பெயர் தெரியுமா? 1949ஆம் வருட பம்பாய் மதுவிலக்குச் சட்டம். 1950களில் இங்கே மொத்த மதுவிலக்கு. பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்களே தவிர, சட்டம் போகவில்லை. இன்றும் மகாராஷ்டிராவில் பீருக்கு 21 வயசு, விஸ்கிக்கு 25 வயசு ஆகியிருந்தாலும், சட்டப்படி கையில் பெர்மிட் வேண்டும். உடல்நலத்தைப் பேணிக் காப்பதற்காகக் குடிக்க அனுமதி என்கிறது அந்தக் காகிதம். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை, வாசகமே அப்படித்தான்.

அந்த மதுவிலக்கு யாரைத் திருத்தியது? பாந்த்ரா பக்கம் வீட்டு முன்னறையில் சாராயம் ஊற்றும் 'ஆன்ட்டி பார்'கள் வந்தன. நம்மவர் வரதராஜ முதலியார், வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர், கள்ளச்சாராயத்தில்தான் வரதாபாய் ஆனார். நாம் 'நாயகன்' பார்த்துக் கண்ணீர் விட்டோம். அந்தச் சாராயத்தைக் குடித்தவன் குடும்பத்தை யாரும் படம் எடுக்கவில்லை. அது அந்தக் காலம் என்பீர்கள். 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது.

இப்போது வரிக் கணக்கு. 2023 நவம்பரில் மகாராஷ்டிர அரசு, பெர்மிட் ரூமிலும் பாரிலும் உட்கார்ந்து குடிக்கும் சரக்குக்கு வாட் வரியை 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக்கியது. கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு போகிற பாட்டிலுக்கு அந்த உயர்வு கிடையாது. இன்னொரு தடவை படியுங்கள். நாலு பேர் பார்க்க, வெளிச்சத்தில், சாப்பாட்டோடு குடித்தால் கூடுதல் வரி. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கார் பின்சீட்டிலோ ரூம் மூலையிலோ குடித்தால் கூடுதல் வரி இல்லை. லைசென்ஸ் கட்டணமும் ஏற, ஐ.எம்.எஃப்.எல். மீதான கலால் 2025 ஜூனில் எகிற, 2025 ஜூலை 14 அன்று மாநிலம் முழுக்க பார்காரர்கள் ஒரு நாள் கதவடைத்தார்கள். அரசின் நோக்கம் குடியைக் குறைப்பது என்றால், நாற்காலிக்கு ஏன் வரி, பாட்டிலுக்கு ஏன் சலுகை? பேங்க்கில் கடன் மனு போல இந்தக் கொள்கை என் மேஜைக்கு வந்திருந்தால், நோக்கம் என்று எழுதியதற்கும் பணம் போகிற வழிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு நான் இருந்த கிளைக்கு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன். முதல் போஸ்டிங். காலையில் பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடுவான், கேஷ் டாலி ஆகாமல் போனதே இல்லை. யாரோடும் வெளியே போகமாட்டான். "பார் பக்கமே போகாத பையன் சார்" என்று பியூனே சர்டிபிகேட் கொடுத்தார். போகவில்லைதான். தினமும் வாஷி ஸ்டேஷனில் இறங்கி, குவார்ட்டர் வாங்கி, பேப்பரில் சுற்றி, பேயிங் கெஸ்ட் ரூமுக்கு எடுத்துப் போயிருக்கிறான். பிறகு அரை பாட்டில். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கல்லீரல் போய்விட்டிருந்தது. இருபத்தெட்டு வயசு. ஊரிலிருந்து ரயிலேறி வந்த அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளாவது யாராவது பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடமாகத் தேடித்தான் அவன் குடித்தான். பார்த்தால் ஊருக்குச் சேதி போய்விடும் என்று பயம். போயிருக்கும். கைகூப்பும் பொம்மைகளோடு போயிருக்கும்.

முக்கு ஓட்டலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது, ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டிலுக்கு 'போதும்' என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பார். மூன்று நாள் வராவிட்டால் 'எங்கே ஆளைக் காணோம்' என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும்.

"குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் போய் இந்த முக்கு ஓட்டல் பெருமையைப் பேசுவாயா?" என்று தங்கமணியே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. பேசமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு நாற்காலியும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். கடையே வேண்டாம் என்று அவள் சொன்னால் அவள் பக்கம்தான் நான். இந்த மாநிலத்தில் வார்டு மக்கள் ஓட்டுப் போட்டு மதுக்கடையை மூடவைக்க ஒரு வழி உண்டு. படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் மூடு, நின்ற பாட்டிலுக்குக் குத்தினால் திற. நல்ல வழி, அது இருக்கட்டும். ஆனால் அந்தப் புருஷன் ஃபோர்ட்டில் மார்பிள் மேஜையில் சல்லி போட்டியோடு குடித்துவிட்டு வருகிறவன் இல்லை. ஷாப்பில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறவன். அவனுக்கு விற்பவனை விட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்குப் பயந்து நடந்துகொள்கிறவர்களின் கடையை மூடுவதில் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்?

குடிக்கு வக்காலத்து என்று முத்திரை குத்த வருகிறவர்கள் ஊருக்குப் போகும்போது டாஸ்மாக் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கம். 2023-24ல் வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல். கம்பிக்குப் பின்னால் விற்பனை, ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை பார், தரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர். மனுஷனை மனுஷனாக உட்கார வைக்கும் எண்ணமே அந்த ஏற்பாட்டில் கிடையாது. குடிப்பவன் கேவலம், அதனால் இடமும் கேவலமாக இருந்தால் போதும் என்ற அதே புத்திதான் நம் வாட்ஸ்ஆப் குழுவிலும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்தபோது குழுவில் இரண்டு நாள் துக்கம் அனுசரித்தோம். மூன்றாம் நாள் சனிக்கிழமை. கெட்-டுகெதர்.

என் முக்கு ஓட்டல் இத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பீர் லாபம் இல்லை, பகடி. அதாவது பல காலம் முன்பு ஒரு தொகை கொடுத்து உள்ளே வந்த வாடகைதாரர், இன்றும் மாதம் சில நூறு ரூபாய் வாடகை. 2000 மார்ச் 31ல் அமலுக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பேங்குகளுக்கும் ஒரு கோடிக்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. அதனால் எங்களைப் போன்றவர்கள் மார்க்கெட் வாடகை கொடுக்கிறோம், அல்லது பாந்த்ரா-குர்லாவுக்கு ஓடிவிட்டோம். சின்ன வாடகைதாரரான இரானி தப்பித்தார். ஆனால் ஆபீஸ்கள் போனதும் மத்தியானக் கூட்டமும் போனது. கட்டடத்துக்காரருக்கோ, பழையதை இடித்தால்தான் காசு. ஒரு காலத்தில் மும்பையில் நூற்றுக்கணக்கில் இருந்த இரானி ஓட்டல்கள் இன்று சில பத்துகள்தான். தோபி தலாவ் பாஸ்தானியை நிஸ்ஸிம் எஸக்கீல் கவிதையாகவே எழுதினார். கவிதை இருக்கிறது, பாஸ்தானி போய்விட்டது.

இங்கேயும் பேச்சு நடக்கிறது. முதலாளியின் பிள்ளைகள் வெளிநாட்டில், திரும்பி வந்து கல்லாவில் உட்காரப் போவதில்லை. மார்ச் மாதம் லைசென்ஸ் பணம் கட்டும்போதெல்லாம் 'இதுதான் கடைசி' என்கிறார். அந்த முக்குக்கு வர ஒரு பார்ட்டி தயாராக இருக்கிறதாம், வேறு பேட்டையிலிருந்து மாறி வரும் வைன் ஷாப். நாற்காலி கிடையாது. சர்வர் கிடையாது. ஒரு கவுன்ட்டர், ஒரு கம்பி வலை, கறுப்புப் பைகள். அங்கே யாரும் குடும்பத்தோடு உட்கார முடியாது என்பதால் நம் குழுவுக்கு அதில் ஓர் ஆட்சேபமும் இருக்காது.