எல்லாமே டைப்-சி தான்... ஆனா வேகம் ஒண்ணு இல்ல! மல்டிபோர்ட் சார்ஜர் வாங்கும் முன் இதைப் படிங்க

ஆம்பூர் ஷூவுக்கும் உங்க போன் சார்ஜருக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுமே ஐரோப்பாவின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என ஐரோப்பிய யூனியன் 2015-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே ஏற்றுமதி செய்யும் நம்ம ஊர் தோல் தொழிற்சாலைகளும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது.

டைப்-சி கதையும் அதேதான். புதிதாக விற்கும் போன், டேப்லெட், இயர்பட்ஸ் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம் என்ற சட்டம் அங்கே 2024 டிசம்பர் 28-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15 டைப்-சி-க்கு மாறிடுச்சு. நம்ம பி.ஐ.எஸ் அமைப்பும் அதே ஆண்டு டைப்-சி-க்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது.

சந்தோஷம்தான். ஆனா, இன்னொரு பக்கம் போன் பாக்ஸில் இருந்து சார்ஜர் காணாமப் போச்சு. 2020-ல் ஐபோன் 12 ஆரம்பிச்சு வச்சது, இப்போ பல பிராண்டுகளில் அப்படித்தான். அந்தச் செலவு இப்போ நம்ம தலையில். வேலூர் ஹாஸ்டல் ரூமோ, மருத்துவமனை பக்கத்து லாட்ஜோ, இருப்பது ஒரே பிளக் பாயின்ட் என்றால் மல்டிபோர்ட் சார்ஜர்தான் வழி. எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாட் கணக்கு

பெட்டியில் '65 வாட்' என்று இருந்தால், பெரும்பாலும் அது ஒரே ஒரு போர்ட்டைப் பயன்படுத்தும்போது கிடைக்கும் அளவு. ரெண்டாவது கேபிளைச் செருகினால் 45 + 20 என்பது போலப் பிரியும். இந்தப் பிரிப்புக் கணக்கு பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும். அது இல்லாத சார்ஜரை வாங்காதீங்க.

மொழி தெரியணும்

பின் ஒண்ணா இருந்தாலும் ஃபாஸ்ட் சார்ஜிங் 'மொழி' வேற வேற. ஐபோனுக்கும் பெரும்பாலான டைப்-சி லேப்டாப்புக்கும் பி.டி போதும். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு பி.பி.எஸ் வேணும். ஒன்பிளஸ், ஓப்போவின் சூப்பர்வூக் முழு வேகம் வேணும்னா அந்த கம்பெனி சார்ஜரும் கேபிளும்தான் சரி. மற்றதில் சார்ஜ் ஏறும், மெதுவா.

பழைய போர்ட்டும் இருக்கட்டும்

விலை குறைந்த சில டிரிம்மர், இயர்பட்ஸ் எல்லாம் டைப்-சி டு டைப்-சி கேபிளில் சார்ஜே ஏறாது. அதனால பழைய செவ்வக போர்ட் ஒண்ணாவது இருப்பது நல்லது.

கேபிளும் முக்கியம்

சாதாரண டைப்-சி டு டைப்-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதுக்கு மேல வேணும்னா 100 அல்லது 240 வாட் என்று குறிப்பிட்ட கேபிள் தேவை.

ஏமாறாம இருக்க

சார்ஜர் மேல் பி.ஐ.எஸ் முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்புன்னு தெரிஞ்சிடும். கடையில் நின்னபடியே பண்ணலாம். வேலூர் வெயிலில் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுறதையும் விட்டுடுங்க.

கடைக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் அடாப்டர்களின் 'அவுட்புட்' வரியைப் படிங்க. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். ஒரே நேரத்தில் எதையெல்லாம் சார்ஜ் போடுவீங்களோ, அதை மட்டும் கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகைதான் நீங்க வாங்க வேண்டிய சார்ஜர்.