பிங்கின் கடற்கரையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்

இந்தோனேசியக் கடலோரச் சிற்றூரில் ஒரு மனை வாங்கிப் போட்டால் போதும், மிச்ச வாழ்க்கைக்குக் கவலையில்லை என்று அடித்துச் சொல்லும் காணொளி ஒன்று அண்மையில் தமிழில் சுற்றுக்கு வந்திருக்கிறது. லொம்போக் தீவின் தென்கரை, வெள்ளை மணல், கரையோரம் நடந்துபோகும் எருமைகள். விலை மலிவு, வாடகை கொட்டும், பத்தே ஆண்டில் ஊர் அடுத்த பாலி ஆகிவிடும் என்று தொகுப்பாளர் அடுக்குகிறார். எல்லாம் சட்டப்படிதான், பத்திரத்தை மட்டும் உள்ளூர் நண்பர் ஒருவர் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிக்கிறார். சட்டப்படி என்கிறார், சட்டத்தை ஏய்க்கும் வழியையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்ட பிறகும் தொலைபேசி எண் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

தமிழர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் பினாமி.

இந்தோனேசியாவின் நிலச் சட்டத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1960-இல் இயற்றப்பட்ட அடிப்படை நிலச் சட்டம், ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரிமையைத் தனிநபர்களில் தன் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. யார் பணம் போட்டிருந்தாலும் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால்? அவருக்குக் கடன் வந்தால்? அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டால்? வாங்கியவர் கையில் இருக்கும் ஒப்பந்தம் எந்த நீதிமன்றத்திலும் ஏறாது.

பாலித் தீவின் தெற்கு முனையில், பெச்சாத்து ஊரின் செங்குத்துப் பாறைக்குக் கீழே பிங்கின் என்றொரு கடற்கரை இருக்கிறது. அலைச்சறுக்கு வீரர்களுக்கு உலகமெங்கும் தெரிந்த இடம். பாறைச் சரிவில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளாகத் தொடங்கி, தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மேலேறிய கட்டடங்கள் அங்கே நெருக்கியடித்து நின்றன. பல குடும்பங்களுக்குப் பல்லாண்டுப் பிழைப்பு அதுதான். அந்த நிலம் அரசுப் புறம்போக்கு, கட்டடங்களுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லி 2025 ஜூலை 21 அன்று 48 கட்டடங்களை இடிக்கும் வேலையை அரசு தொடங்கியது. மாகாண ஆளுநர் வாயான் கோஸ்தெர் நேரில் வந்து நின்றார். தொழிலாளர்கள் சம்மட்டியால் சுவர்களை உடைத்தார்கள். கடைக்காரர்கள் அழுதார்கள், கெஞ்சினார்கள். இடிப்பு நிற்கவில்லை.

பிங்கினில் இழந்தவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஊர் மொழி தெரிந்தவர்கள், ஊர்க் கோயிலின் முறைகாரர்கள். அவர்களாலேயே காப்பாற்றிக்கொள்ள முடியாத கடலோரத்தை, வேறு நாட்டிலிருந்து கைப்பேசி வழியே முன்பணம் அனுப்புகிறவர் காப்பாற்றிவிடுவாரா? கடலோரப் பாதுகாப்பு எல்லை, கடல் ஏற்றத்தின்போது நீர் தொடும் மிக உயர்ந்த இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் என்று 2016-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை சொல்கிறது. கடலைத் தொடும் மனை என்று விற்கிறவர் எந்த 100 மீட்டருக்குள் நின்றுகொண்டு கையை நீட்டுகிறார்?

சட்டத்துக்கு உட்பட்ட வழிகளும் உண்டு. அவற்றைச் சொன்னால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும் என்பதால் தரகர்கள் அவற்றைக் கடைசியில்தான் சொல்வார்கள். ஒன்று, 25 அல்லது 30 ஆண்டுக் குத்தகை. ஓர் ‘ஆரே’, அதாவது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி, மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். காலம் முடிந்தால் பெரும்பாலும் நிலத்தோடு கட்டடமும் உரிமையாளருக்கே போகும். ஆண்டுக்கு ஆண்டு மதிப்புத் தேயும் ஒன்றைச் சொத்து என்று சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. இன்னொன்று, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்குவது. அதற்கான முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ருப்பியாவைத் தாண்ட வேண்டும். நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் எங்கே இடம் இருக்கிறது?

அடுத்த பாலி என்ற ஆசைவார்த்தைக்கு அரசாங்கமே தாய்வீடு. முன்னாள் அதிபர் ஜோக்கோ விடோடோவின் ஆட்சி ‘பத்துப் புதிய பாலிகள்’ என்று அறிவித்தது. அவற்றில் ஒன்று, காணொளி காட்டும் அதே தென் லொம்போக்கின் மண்டாலிகா. 2022 மார்ச்சில் அங்கே மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, ஊர்மக்களின் நிலம் பறிபோவதையும் கட்டாய வெளியேற்றத்தையும் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பக்கத்து தஞ்சோங் ஆன் கடற்கரையில் இளநீரும் சோறும் விற்ற சிறுகடைகளை 2025 ஜூலையில் அப்புறப்படுத்தினார்கள். அதே மாதத்தில்தான் பிங்கினும் இடிந்தது. சும்பா தீவின் மரோசி கடற்கரையில் 2018 ஏப்ரலில் நில அளவையை எதிர்த்துத் திரண்டவர்களில் ஒரு விவசாயி சுடப்பட்டு இறந்தார். விலையேற்றம் என்று விளம்பரம் எதைச் சொல்கிறதோ, அதன் மறுபக்கம் இவைதான். அந்த விலையேற்றத்தில் பங்கு கேட்கிறவர் இந்தப் பழியிலும் பங்காளி.

உண்மையிலேயே பாலி ஆன ஊரின் கதியையும் பார்க்கலாம். பாலியின் சாங்கு ஒரு தலைமுறைக்கு முன் நெல் விளைந்த ஊர். இன்று வயலுக்கு நடுவே குறுக்கு வழியாகப் போட்ட ஒற்றைச் சாலையில் ஸ்கூட்டர்களும் கார்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பாலியின் ‘சுபாக்’ பாசன முறையை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அந்தத் தண்ணீர் பாய வேண்டிய வயல்களில்தான் நீச்சல்குளம் வைத்த வில்லாக்கள் முளைக்கின்றன. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் தீவில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே வயல்களைக் கட்டடமாக்குவதற்குக் கடிவாளம் போடும் பேச்சு வலுத்தது.

அமைதியான வாழ்க்கை என்பதும் பாதி உண்மைதான். 2006 ஜூலை 17 அன்று ஜாவாவின் தென்கரையில் பங்கந்தாரானை ஆழிப்பேரலை தாக்கியபோது, நில அதிர்வு மெலிதாக உணரப்பட்டதால் பலர் ஓடவே இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 ஆகஸ்டு நிலநடுக்கத்தில் லொம்போக்கில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இப்படிப்பட்ட கரையில் குடியேறச் சொல்கிறவர், ஆழிப்பேரலை வந்தால் மேட்டுக்கு ஓடும் பாதை எது, நல்ல மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லாமல் சூரிய அஸ்தமனத்தைக் காட்டுவது குற்றம்.

விசா விஷயத்திலும் இதே பொறுப்பின்மைதான். விமான நிலையத்தில் வாங்கும் விசா 30 நாளுக்கு, ஒருமுறை நீட்டிக்கலாம். அதை வைத்துக்கொண்டு அங்கே யோகா வகுப்பு எடுக்கலாம், புகைப்படத் தொழில் செய்யலாம், விடுதி நடத்தலாம் என்று வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். அப்படிப் போகிறவர் விட்டுவரும் கெட்ட பெயர், அடுத்து வரும் நேர்மையான பயணியின் தலையில் விழுகிறது.

அங்கே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகப் போகலாம். ஊர்க் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கலாம், ‘வாருங்’ என்னும் சிறுகடையில் சாப்பிடலாம், மீனவர் படகுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம். அந்தப் பணம் அன்றே அந்த வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும். நிலம் வேண்டும் என்று இன்னமும் துடிக்கிறவர், பிங்கினில் ஒரு பகல் நின்று பார்த்துவிட்டு, வட்டார நில அலுவலகத்தில் மனையின் சான்றிதழ் எண்ணைக் கொடுத்து யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை உரிமை, கடல் ஏற்ற எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், அங்கே கட்டடம் கட்ட மண்டலத் திட்டம் இடம் கொடுக்கிறதா என்று தானே விசாரிக்க வேண்டும். தரகர் காட்டும் நோட்டரி வேண்டாம், தானே தேடிய நோட்டரியை அமர்த்த வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை, இன்றே முன்பணம் போடுங்கள் என்று அவசரப்படுத்தும் தரகருக்கு ஒரு ருப்பியாவும் கொடுக்கக் கூடாது.