நிலாச்சோத்துக்கு டிக்கெட்டா?

ரிசார்ட்டுல 'நிலாச்சோறு' பேக்கேஜாம். காசு கட்டி, பஃபே வரிசையில தட்டோட நின்னு சாப்ட்டுட்டு, 'பாரம்பரியத்தை மீட்டோம்'னு பீத்திக்கறாங்க. அட போங்கய்யா!

நிலாச்சோத்தோட சூட்சுமமே ஒரே சட்டி, ஒரே கை. அம்மா (ஏன், அப்பாவுக்குக் கை இல்லையா?) சோத்தைப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, ஒவ்வொரு புள்ளை கையிலயா வைக்கணும். அடுத்த உருண்டை வர்ற வரைக்கும் மத்ததுங்க காத்திருக்கும். அந்த இடைவெளியிலதான் கதை, சண்டை, ஸ்கூல் ரகசியம் எல்லாம் வெளிய வரும். பஃபேல ஏது அந்த இடைவெளி?

'நேரமில்லை'ங்கறவங்களுக்கு ஒரு கணக்கு. வருஷத்துக்கு 12 பௌர்ணமி, சில வருஷம் 13. புள்ளைக்கு 5 வயசுலேர்ந்து 15 வரைக்கும் மொத்தமே சுமார் 124தான். மழை, பரீட்சை, உங்க ப்ராஜெக்ட் ரிலீஸ் எல்லாம் கழிச்சா மிச்சம் எத்தனை?

மொட்டைமாடிக்கு டிக்கெட் கிடையாது. நேத்து வச்ச புளிக்குழம்பு போதும். செல்போனை மட்டும் கீழயே வச்சிட்டு ஏறுங்க சாமி :-)